ஜாதிபத்திரி: எதில், எப்போது, எவ்வளவு

பிரியாணிச் சாமான் பொட்டலத்தைப் பிரித்தால் பட்டை, கிராம்பு, ஏலக்காயோடு செம்மஞ்சள் நிறத்தில் காய்ந்த சருகு போல ஒன்று கிடக்கும். அதுதான் ஜாதிபத்திரி. பெரும்பாலான வீடுகளில் பிரியாணி நாளில் மட்டும் அது வெளியே வரும், மற்ற நாளெல்லாம் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்து டப்பாவில் தூங்கும். குருமா, பால், கேக், இறால், வெள்ளை சாஸ் என்று இனிப்புக்கும் காரத்துக்கும் ஒருசேரப் பொருந்தக்கூடிய மசாலாப் பொருட்கள் கொஞ்சம்தான். அவற்றில் இது ஒன்று. ஆனால் அளவு தெரியாமல் போட்டால் மருந்து வாடை வந்துவிடும். சாப்பிடுகிறவர் "என்னமோ நல்ல மணமா இருக்கே" என்று சொன்னால் அளவு சரி. "ஜாதிபத்திரி போட்டீங்களா?" என்று கண்டுபிடித்துவிட்டால் மிஞ்சிவிட்டது. இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டே மீதி எல்லாவற்றையும் புரிந்துகொள்ளலாம்.

எங்கிருந்து வருகிறது

ஜாதிக்காய் மரத்தின் பழம் மஞ்சளாக, எலுமிச்சையைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும். பழுத்ததும் தானாக இரண்டாகப் பிளக்கும். உள்ளே கரும்பழுப்பு ஓட்டின் மேல் ரத்தச் சிவப்பில் ஒரு வலை பின்னிக்கிடக்கும். அந்த வலைதான் ஜாதிபத்திரி. ஓட்டை உடைத்தால் கிடைக்கும் பருப்பு ஜாதிக்காய். வலையைக் கையால் உரித்து, தட்டையாக அழுத்திக் காயவைப்பார்கள். காயக் காயச் சிவப்பு வெளிறி, செம்மஞ்சளாகவும் பிறகு வைக்கோல் மஞ்சளாகவும் மாறும்.

மரத்தின் தாயகம் இந்தோனேசியாவின் பண்டா தீவுகள். இந்தச் சரக்குக்காகவே டச்சுக்காரர்கள் 1621-இல் அந்தத் தீவுகளைப் பெரும் படுகொலை நடத்திக் கைப்பற்றினார்கள். 1667-இல் பிரேடா உடன்படிக்கையில் பண்டாவின் ரன் தீவு டச்சுக்காரர்களிடமும், இன்றைய நியூயார்க்கின் மன்ஹாட்டன் ஆங்கிலேயரிடமும் தங்கின. இன்று கிரெனடா நாட்டுக் கொடியிலேயே ஜாதிக்காய் இருக்கிறது. இந்தியாவில் பெரும்பகுதி கேரளத்தில் விளைகிறது. தமிழ்நாட்டில் பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புக்குள் ஊடுபயிராக வளர்க்கிறார்கள். இலங்கையில் கண்டி, மாத்தளை, கேகாலைப் பகுதிகளில் உண்டு.

ஒரே பழத்தில் பிறந்தாலும் இரண்டுக்கும் குணம் வேறு. ஜாதிக்காய் கனமான, தித்திப்பான, மரவாடை கலந்த மணம். ஜாதிபத்திரியில் மிளகின் சாயலும் ஆரஞ்சுத் தோலின் சாயலும் சேர்ந்திருக்கும், இனிப்பு குறைவு. மிளகின் சாயல் தற்செயல் அல்ல. சபினீன், பைனீன் என்ற அதே எண்ணெய்ப் பொருட்கள் மிளகிலும் உண்டு. அதனால்தான் மிளகு சேர்ந்த எந்தக் காரப் பதார்த்தத்திலும் ஜாதிபத்திரி தயக்கமில்லாமல் கலந்துவிடுகிறது. நிறத்திலும் ஒரு லாபம் இருக்கிறது. ஜாதிக்காயைத் துருவிப் போட்டால் பாலிலும் வெள்ளைக் குருமாவிலும் பழுப்புப் புள்ளிகள் தெரியும். ஜாதிபத்திரி இளமஞ்சளாகக் கரைந்துவிடும்.

வாங்குவது, அளப்பது, பொடிப்பது

முழுதாக வாங்குங்கள், பொடியாக வேண்டாம். பொடியின் மணம் சில மாதங்களில் போய்விடும். அதில் என்ன கலந்திருக்கிறது என்று கண்ணால் தெரியவும் செய்யாது. நல்ல சரக்கு செம்மஞ்சளாக, லேசான எண்ணெய்ப் பளபளப்போடு இருக்கும். நகத்தால் கீறினால் ஈரப்பசை போல எண்ணெய் மினுங்கி, உடனே மணம் எழும். கீறியும் மணம் வராவிட்டால் அது பழசு, அல்லது எண்ணெய் எடுத்த சக்கை. பூஞ்சை வாடையோ சாம்பல் படிவோ இருந்தால் கழுவிப் பயன்படுத்தலாம் என்று நினைக்காமல் தூக்கிப் போடுங்கள்.

கடையில் இன்னொரு சரக்கும் இதே பெயரில் கைமாறும். மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் காட்டு ஜாதிக்காயின் பத்திரி அது. ராம்பத்திரி என்றும் சொல்வார்கள். இழைகள் மெலிந்து நீளமாக, கரும்பழுப்புச் சிவப்பாக இருக்கும், மணம் மிகவும் குறைவு. மகாராஷ்டிரத்து மசாலாக்களில் அதற்கென்று தனி இடம் உண்டு. கேக்குக்கும் பாலுக்கும் அது ஆகாது.

அளவுக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். உரித்த முழு வலையைக் கடைக்காரர்கள் பூ என்பார்கள். பிய்த்தால் நாலைந்து பெரிய இதழ்கள் வரும். நடுத்தரமான ஒரு பூ கிட்டத்தட்ட 1 கிராம் எடை, பொடித்தால் அரை டீஸ்பூனுக்குச் சற்று மேல். ஆக, ஓர் இதழ் என்றால் ஏறக்குறைய அரைக்கால் டீஸ்பூன். முதல் முறை சமைப்பவர் எந்தப் பதார்த்தத்திலும் நாலு பேருக்கு ஓர் இதழ் என்று தொடங்கலாம். குறைந்தால் அடுத்த முறை கூட்டிக்கொள்ளலாம். கூடினால் எடுக்க வழியில்லை.

பொடிக்கும்போதுதான் பலருக்கு எரிச்சல் வரும். பூவில் எண்ணெய் இருப்பதால் மிக்ஸியில் தோல் போல மடங்கிச் சுற்றுமே தவிர உடையாது. முதலில் வளைத்துப் பாருங்கள். மடக்கென்று முறிந்தால் அப்படியே அரைக்கலாம். வளைந்துகொடுத்தால் ஈரம் ஏறியிருக்கிறது, வெறும் வாணலியில் மிகச் சிறு தீயில் 20 முதல் 30 விநாடி புரட்டி, முழுக்க ஆறவிட்டு அரைக்க வேண்டும். நிறம் கருக்கும்வரை வறுத்தால் மேல்மணம் ஆவியாகிக் கசப்புதான் மிஞ்சும். ஒன்றிரண்டு பூவைத் தனியாக அரைப்பதும் வீண்வேலை, ஜாரின் பிளேடுக்கு அது எட்டவே எட்டாது. இனிப்புக்கு என்றால் இரண்டு ஸ்பூன் சர்க்கரை, காரத்துக்கு என்றால் ஒரு ஸ்பூன் கல்லுப்பு சேர்த்து, விட்டுவிட்டு நாலைந்து சுற்று அரைத்தால் மாவாகிவிடும். சேர்த்த சர்க்கரையையும் உப்பையும் செய்முறைக் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள். அம்மியோ சின்ன உரலோ இருக்கிற வீட்டில் இந்தப் பிரச்சினையே கிடையாது.

முழுப் பூ, காற்றுப் புகாத கண்ணாடி பாட்டிலில் வெளிச்சம் படாமல் இருந்தால் ஒரு வருடத்துக்கு மேலும் நன்றாக இருக்கும். அடுப்புக்கு மேல் அலமாரி மட்டும் வேண்டாம்.

கொழுப்பும் சூடும்

ஜாதிபத்திரியின் மணம் எண்ணெயில் கரையும், தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. நெய், வெண்ணெய், முழுக்கொழுப்புப் பால், தேங்காய்ப்பால், முந்திரி விழுது, முட்டையின் மஞ்சள் கரு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று பதார்த்தத்தில் இருந்தால்தான் அது வேலை செய்யும். தெளிந்த ரசத்திலோ தண்ணீர்க் குழம்பிலோ போட்டால் ஆவியோடு மணம் போய்விடும், நாக்கில் துவர்ப்பு மட்டும் தங்கும்.

அடுத்தது நேரம். மேலெழும் வாசனைகள் சீக்கிரம் பறந்துவிடுகிறவை. ஆகவே நீண்ட நேரம் வேகும் சமையலில் முழு இதழாகத் தாளிப்பில் போட வேண்டும், அது மெதுவாக மணத்தை விடும். பொடியாக இருந்தால் இறக்குவதற்கு ஐந்து நிமிடம் முன்பு. இரண்டையும் மாற்றிச் செய்வதுதான் "போட்டேன், ஒன்றுமே தெரியலை" என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் காரணம்.

இதைப் பழக மிகச் சுலபமான இடம் பால். அரை லிட்டர் முழுக்கொழுப்புப் பாலில் இரண்டு இதழ் போட்டு, கொதி வருவதற்கு முன் ஓரத்தில் குமிழ் கட்டும்போதே அடுப்பை அணைத்து, மூடி 15 நிமிடம் வையுங்கள். பிறகு வடிகட்டுங்கள். இந்தப் பாலில் சேமியா பாயசம், பாதாம் பால், கஸ்டர்ட் எது வேண்டுமானாலும் செய்யலாம். ஏலக்காயை வழக்கத்தில் பாதியாகக் குறைத்துவிடுங்கள். இரண்டும் முழு அளவில் நின்றால் ஒன்றையொன்று அமுக்கும். இதழை உள்ளேயே விட்டு அரைமணி நேரம் பாலைச் சுண்டக் காய்ச்சுவது தவறு. பால்கோவா, பாசந்தி போன்றவற்றுக்குச் சுண்டிய பிறகு கால் டீஸ்பூன் பொடி தூவினால் போதும்.

இலங்கை முஸ்லிம் வீடுகளில் பெருநாளுக்குச் செய்யும் வட்டிலாப்பத்தில் ஏலக்காயும் ஜாதிக்காயும் வழக்கம். ஜாதிக்காய்க்குப் பதில் ஜாதிபத்திரி போட்டாலும் கித்துள் என்ற பனைவகையின் கருப்பட்டியோடு அருமையாக ஒட்டும். 250 கிராம் கருப்பட்டியை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து வடிகட்டி ஆறவைத்து, 6 முட்டை, 300 மில்லி கெட்டித் தேங்காய்ப்பால், கால் டீஸ்பூன் ஜாதிபத்திரிப் பொடி, இரண்டு ஏலக்காய்ப் பொடி சேர்த்து நுரைக்காமல் கலக்கி, மறுபடி வடிகட்டி, கிண்ணத்தின் வாயை இறுக மூடிச் சிறு தீயில் 40 முதல் 45 நிமிடம் ஆவியில் வேகவைக்க வேண்டும். கருப்பட்டிப் பாகு சூடாக இருந்தால் முட்டை திரிந்துவிடும். தீ அதிகமானால் ஓட்டை ஓட்டையாகி நீர் விடும்.

காரச் சமையல்

வீட்டு கரம் மசாலாவுக்கு ஒரு விகிதம்: சோம்பு 15 கிராம், பட்டை 10 கிராம், ஏலக்காய் 10 கிராம், கிராம்பு 5 கிராம், அன்னாசிப்பூ 3 கிராம், ஜாதிபத்திரி 3 கிராம், ஜாதிக்காய் 2 கிராம், அதாவது சுமாரான காயில் பாதிக்கும் குறைவு. ஜாதிக்காயைத் துருவிக்கொள்ளுங்கள், முழுதாகப் போட்டால் சின்ன ஜாரின் பிளேடு தாங்காது. பட்டை, கிராம்பு, சோம்பு, ஏலக்காய், அன்னாசிப்பூவைச் சூடேறும்வரை வறுத்து அடுப்பை அணைத்த பிறகு, அந்த மிச்சச் சூட்டிலேயே ஜாதிபத்திரியைப் போட்டுப் புரட்டினால் போதும். அரைக் கிலோ கறிக்கு இந்தப் பொடி ஒரு டீஸ்பூன். ஜாதிபத்திரியை ஆறு, ஏழு கிராம் என்று ஏற்றினால் மசாலா முழுவதும் ஒரே வாடையாகிவிடும். கிராம்பும் அதுவும் சேர்ந்து நாக்கை மரக்கவைக்கும்.

பிரியாணிக்கு ஒரு கிலோ அரிசிக்கு இரண்டு பூ உச்ச அளவு. ஒன்றே போதும் என்பதுதான் எங்கள் கட்சி, அதிலும் மேலே சொன்ன மசாலாப் பொடி சேர்ப்பதாக இருந்தால் கட்டாயம் ஒன்றுதான். நெய்ச்சோற்றில் மணம் இன்னும் தெளிவாக நிற்கும், ஏனென்றால் அங்கே அதோடு போட்டிபோட மிளகாய்த்தூளோ புதினாவோ இல்லை. இரண்டு டம்ளர் சீரகச் சம்பாவை 20 நிமிடம் ஊறவைத்து வடித்துக்கொள்ளுங்கள். அடிகனமான பாத்திரத்தில் நாலு மேசைக்கரண்டி நெய்யைச் சிறு தீயில் காய்ச்சி, முதலில் பட்டை, கிராம்பு, கடைசியாக இரண்டு இதழ் ஜாதிபத்திரி. அது பத்து விநாடியில் உப்பி நிறம் ஆழமாகும், உடனே வெங்காயத்தைக் கொட்டிச் சூட்டைத் தணித்துவிடுங்கள். வெங்காயம் பொன்னிறமானதும் அரிசியை ஒரு நிமிடம் புரட்டி, தேங்காய்ப்பாலும் தண்ணீருமாக மூன்றரை டம்ளர் ஊற்றி, உப்புப் போட்டு மூடிவிடலாம். பரிமாறும் முன் இதழ்களைப் பொறுக்கி எடுத்துவிடுவது நல்லது. பல்லில் கடிபட்டால் அந்த வாய்ச்சோறு கெட்டது.

வெள்ளைக் குருமாவில் இதை விழுதோடு சேர்ப்பதுதான் சரியான வழி. அரைக் கிலோ ஆட்டுக்கறிக்கு 15 முந்திரி, ஒரு மேசைக்கரண்டி கசகசா, மூன்று ஏலக்காய், ஓர் இதழ் ஜாதிபத்திரி ஆகியவற்றை வெந்நீரில் 20 நிமிடம் ஊறவைத்து நைசாக அரையுங்கள். ஊறிய இதழ் முந்திரியோடு மெழுகு போல அரைபடும், தனியாகப் பொடிக்கும் தொல்லை இல்லை. வெங்காயம், இஞ்சிபூண்டு, பச்சைமிளகாய் வதக்கி, கறியும் 150 கிராம் தயிரும் சேர்த்து வேகவைத்த பிறகே இந்த விழுதை ஊற்றி, எண்ணெய் பிரியும்வரை சிறு தீயில் எட்டு, பத்து நிமிடம் விட வேண்டும். ஆரம்பத்திலேயே ஊற்றினால் முந்திரி அடிப்பிடிக்கும், மணமும் குக்கர் விசிலோடு வெளியேறிவிடும். மஞ்சள்தூள் வேண்டாம்.

இங்கிலாந்துச் சமையலில் ஜாதிபத்திரிக்கு நெடுநாள் இடம் உண்டு. வெள்ளை சாஸுக்குப் பாலைக் காய்ச்சும்போதே ஓர் இதழையும் கிராம்பு குத்திய அரை வெங்காயத்தையும் போட்டு ஊறவைப்பார்கள். அரை லிட்டர் பால், 30 கிராம் வெண்ணெய், 30 கிராம் மைதா. வெண்ணெயில் மைதாவை நிறம் மாறாமல் இரண்டு நிமிடம் வறுத்து, வடிகட்டிய பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்கினால் சாஸ். வேகவைத்த காலிஃபிளவர் அல்லது உருளைக்கிழங்கின் மேல் ஊற்றி, சீஸ் துருவி, 200 டிகிரி செல்சியஸ் அவனில் மேலே பொன்னிறமாகும்வரை வைத்தால் போதும்.

அங்கேயே மோர்கம் விரிகுடாப் பக்கம் சின்னஞ்சிறு பழுப்பு இறாலை ஜாதிபத்திரி வெண்ணெயில் அடைத்து வைக்கும் பழக்கம் உண்டு. நம் கூனி இறாலுக்கும் அது பொருந்தும். 100 கிராம் வெண்ணெயைச் சிறு தீயில் உருக்கி, கால் டீஸ்பூன் ஜாதிபத்திரிப் பொடி, அரை டீஸ்பூன் மிளகுத்தூள், உப்பு சேர்த்து ஒரு நிமிடம் விடுங்கள். சுத்தம் செய்து வேகவைத்து நீர் ஒட்ட வடித்த 200 கிராம் இறாலை அதில் ஒரு நிமிடம் புரட்டி, சின்னக் கிண்ணங்களில் அழுத்தி, மேலே உருக்கிய நெய்யால் மூடி ஃபிரிட்ஜில் வைத்து, சூடான டோஸ்டில் தடவிச் சாப்பிடலாம். இரண்டு நாளுக்குள் முடித்துவிடுங்கள். இறாலில் தண்ணீர் நின்றிருந்தால் வெண்ணெய் உறையாமல் பிரிந்து நிற்கும்.

வெண்ணெய் கேக்

பேக்கிங்கில் ஜாதிபத்திரியின் முழு அழகும் எளிமையான வெண்ணெய் கேக்கில்தான் தெரியும். அமெரிக்காவில் பவுண்ட் கேக்குக்கும் டோநட்டுக்கும் இது பழைய துணை. பிளம் கேக்கிலும் போடலாம்தான், ஆனால் அதிலிருக்கும் பட்டை, கிராம்பு, சுக்குக்கு நடுவில் இது இருப்பதே தெரியாது.

உப்பில்லாத வெண்ணெய், சர்க்கரை, மைதா மூன்றும் தலா 200 கிராம், 4 முட்டை, ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை டீஸ்பூன் ஜாதிபத்திரிப் பொடி, ஒரு எலுமிச்சையின் மேல்தோல் துருவல், இரண்டு மேசைக்கரண்டி பால், ஒரு சிட்டிகை உப்பு. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் டேபிள் பட்டரில் உப்பு இருக்கும், அது என்றால் சிட்டிகை உப்பை விட்டுவிடுங்கள். வெனிலா எசென்ஸ் போடாதீர்கள். கைப்பழக்கத்தில் எல்லாக் கேக்கிலும் அதை ஊற்றுகிறோம், இங்கே அது ஜாதிபத்திரியை மூடிவிடும்.

பொடியை மைதாவோடு சலிக்காமல் வெண்ணெயோடு சேர்ப்பதுதான் இந்தக் கேக்கின் சூட்சுமம். வெண்ணெய், சர்க்கரை, ஜாதிபத்திரி, எலுமிச்சைத் துருவல் நான்கையும் ஒன்றாக, நிறம் வெளுத்து மெத்தென்று உப்பும்வரை ஐந்தாறு நிமிடம் அடியுங்கள். கொழுப்பு மணத்தை வாங்கிக்கொண்டு கேக் முழுவதும் சமமாகப் பரப்பும். வெண்ணெய் 20 டிகிரி பக்கம் இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், வழுக்கக் கூடாது. சென்னை வெயிலில் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த 15, 20 நிமிடத்திலேயே இந்தப் பதம் வந்துவிடும். "அறை வெப்பம்" என்று குளிர்நாட்டுக் குறிப்புகள் எழுதுவதை நம்பி இரண்டு மணி நேரம் வெளியே வைத்தால் வெண்ணெய் உருகி, காற்றைப் பிடித்துவைக்காமல், கேக் கனத்துப் போகும்.

முட்டைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து அடியுங்கள். முட்டை குளிர்ந்திருந்தால் கலவை திரிந்தது போல ஆகும். ஒரு மேசைக்கரண்டி மைதாவைத் தூவினால் சேர்ந்துவிடும். பிறகு பேக்கிங் பவுடரோடு சலித்த மைதாவை மூன்று தவணையாகக் கரண்டியால் மடித்துக் கலந்து, பாலைச் சேர்த்து நிறுத்திவிடுங்கள். இந்தக் கட்டத்தில் பீட்டரைப் பயன்படுத்தினால் மாவு இழுவை ஏறி, கேக் ரப்பராகும்.

7 அங்குல வட்டத் தட்டில் பட்டர் பேப்பர் போட்டு ஊற்றி, முன்பே சூடாக்கிய அவனில் 160 டிகிரியில் 50 முதல் 60 நிமிடம். முதல் 35 நிமிடம் கதவைத் திறக்கக் கூடாது, நடு அமுங்கும். குச்சி குத்தினால் சுத்தமாக வர வேண்டும். மேல்பக்கம் சீக்கிரம் சிவந்தால் அலுமினிய ஃபாயிலைத் தளர்வாக மூடுங்கள். நடுவில் வெடித்துக் கூம்பினால் அவன் சூடு அதிகம், அடுத்த முறை 10 டிகிரி குறையுங்கள்.

வெந்த சூட்டில் வெட்டினால் ஜாதிபத்திரி சற்றுத் தூக்கலாகவும் கரடாகவும் தெரியும். இறுக மூடி ஓர் இரவு வைத்தால் தணிந்து வெண்ணெயோடு ஒன்றாகிவிடும். எனவே அளவு சரியா என்ற தீர்ப்பை மறுநாள்தான் சொல்ல வேண்டும்.

மிஞ்சிவிட்டால், இல்லாவிட்டால்

குருமாவில் கூடிவிட்டால் கெட்டித் தேங்காய்ப்பாலோ முந்திரி விழுதோ சேர்த்து அளவைப் பெருக்கலாம். பாலில் கூடினால் இன்னும் பால் ஊற்றலாம். எலுமிச்சைச் சாறும் மிளகாயும் போட்டு மறைக்கப் பார்ப்பது பலிக்காது, கசப்பு இன்னும் எடுப்பாகும். கேக்கில் கூடினால் செய்வதற்கு ஒன்றுமில்லை.

ஜாதிபத்திரி கைவசம் இல்லையென்றால் அதே அளவு துருவிய ஜாதிக்காய் போடலாம். மணம் கொஞ்சம் கனத்து, தித்திப்பாக இருக்கும். காரச் சமையலில் கூடவே ஒரு சிட்டிகை மிளகுத்தூள் போட்டால் இடைவெளி குறையும். இனிப்பில் அந்த ஒட்டு வேண்டாம்.

ஜாதிக்காய், ஜாதிபத்திரி இரண்டிலும் மிரிஸ்டிசின் என்ற பொருள் இருக்கிறது. ஜாதிக்காயை ஒரே ஆள் 5 கிராமும் அதற்கு மேலும் உட்கொண்டால் வாந்தி, படபடப்பு, மனக்குழப்பம் வரை போகும். மேலே சொன்ன கேக் முழுவதிலும் சேர்வது 1 கிராமுக்கும் குறைவு, அதுவும் பத்துத் துண்டாகப் பிரிகிறது, ஆகவே சமையல் அளவில் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் தூக்கத்துக்கு நல்லது என்று பாலில் ஸ்பூன் ஸ்பூனாகக் கலக்கிக் குடிப்பது சமையல் அளவு ஆகாது. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அந்தப் பக்கமே போக வேண்டாம்.